தோளிலே ஒரு தழும்பு

பத்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதில், அயல் வீட்டு இளந்தாய் ஒருத்தி எமது விறாந்தையில் வந்து நின்று, தன் ஐந்து வயது மகளின் இடது கையை எம்முன் நீட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே உட்புறத்தில் வட்டமான ஒரு வீக்கம் சிவந்து தடித்திருந்தது. அதே கையில், தோளுக்கு அண்மையாக, பிறந்த உடனே போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் சிறு தழும்பும் இருந்தது.

“மாஸ்ரர், இவளின்ரை தேப்பனுக்குக் கசம் எண்டு சொல்லிப்போட்டினம். இவளுக்கும் ஊசி குத்திப் பாத்தவை, வீங்கிட்டுது. இது தேப்பனிட்டை இருந்து தொத்தினதோ, இல்லாட்டி பிறந்த கையோடை போட்ட ஊசியின்ரை வேலையோ? ஆரைக் கேட்டாலும் வடிவாச் சொல்லினமில்லை.”

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவர் நாம். எனினும் அந்த ஏழைத் தாயின் கேள்விக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. மருத்துவர் தம் கடமையைச் செய்திருந்தார். எக்ஸ்றே படத்தில் குறை எதுவும் இல்லை. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் உறங்கிய குழந்தை என்பதனால், நோய் வராமற் காப்பதற்கென ஆறு மாதங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஆயின் செய்தி அவருடைய மேசையோடு நின்றுவிடவில்லை. பாடசாலைக்கும் போயிற்று. அங்கே குழந்தை வகுப்பின் மூலையில் தனி வாங்கு ஒன்றில் இருத்தப்பட்டாள். தாயின் கண்ணீர் நோயினால் வந்ததன்று. அந்த வாங்கினால் வந்தது.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அந்தத் தனி வாங்கை நாம் முன்பே ஒருமுறை, வேறு உருவில், கண்டிருந்தோம்.

எமது சித்தப்பா சுருட்டுத் தொழிலாளி. பள்ளி விட்டு வரும் வழியில், அவர் வேலை செய்த கொட்டிலிற் புகுந்து, சுற்றிக்கொண்டிருக்கும் தொழிலாளருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவது எமது வழக்கம். புகையிலை நெடியும் தூசியும் நிறைந்த அந்தக் கொட்டிலிலேதான் உலகச் செய்திகளை நாம் முதன்முதலிற் படித்தோம். பின்னர் சித்தப்பா இருமத் தொடங்கினார். இருமலிலே குருதி வந்த நாளில், வளவின் கோடியில் ஓலைக் கொட்டில் ஒன்று எழுந்தது. அவருக்கென ஒரு கோப்பை, ஒரு செம்பு, ஒரு பாய். “உது பரம்பரை வருத்தம், கிட்டப் போகாதை” என்று பாட்டி எம்மைத் தடுத்தாள். பரம்பரை வருத்தம் என்றால் கிட்டப் போவதனாற் கெடுதி என்ன என்று கேட்கும் வயது அப்போது எமக்கில்லை. ஆசுபத்திரியில் இடம் கிடைக்கவில்லை. வேலிக்கு இப்பால் நின்று நாம் பத்திரிகை வாசிக்க, அப்பால் இருந்து அவர் கேட்பார். 1960 இல் அவர் இறந்தார்.

இறந்தவருக்காக அழுவதோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமில்லை. பின்னாளில் நாம் படித்தறிந்த செய்தியே எம்மை அதிகம் வருத்தியது. சித்தப்பா ஓலைக் கொட்டிலிற் படுத்திருந்த அதே காலத்தில், கடலுக்கு அக்கரையில், சென்னையில், காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் 1956 இல் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தது. நோயாளர் 193 பேரில் ஒரு பகுதியினர் சானட்டோரியத்திலும், மற்றப் பகுதியினர் நெருக்கமும் வறுமையும் மிக்க தம் சொந்த வீடுகளிலும் ஒரே மருந்தைப் பெற்றனர். 1959 இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தனர். அவர்களோடு வாழ்ந்த உறவினர்க்கு அதனால் மேலதிக ஆபத்து நேரவுமில்லை. விஞ்ஞானம் உண்மையைக் கண்டு சொல்லிவிட்டது. எமது வளவின் கோடிக்கு அது வந்து சேரவில்லை.

ஆதலால், அந்தக் குழந்தையின் கையிலே தோன்றிய வீக்கத்தின் பொருளை அறிய முனைந்தோம். நாம் கற்றவற்றை ஆசிரிய நண்பர்களோடும் மாணவ நண்பர்களோடும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

*

1882 மார்ச் 24 ஆம் நாள், காசநோய்க்குக் காரணம் பரம்பரையுமன்று, சாபமுமன்று, ஒரு பற்றீரியாவே என்பதை பேர்ளினில் றொபேட் கொக் எடுத்துக் காட்டினார். எட்டு ஆண்டுகளின் பின், அந்தப் பற்றீரியாவிலிருந்து எடுத்த ஒரு சாற்றை நோய்க்கு மருந்தென அவர் அறிவித்தார். மருந்தாக அது தோற்றது. ஆயினும் நோய்க்கிருமியை முன்பே சந்தித்த உடலில் அந்தச் சாற்றைத் தோலினுட் செலுத்தினால் வீக்கம் எழும் என்பது தெளிவாயிற்று. இவ்வாறு தோற்ற மருந்தொன்று பயனுள்ள பரிசோதனையாக மாறியது. நுணுகிய ஊசியால் தோலுக்குள்ளே செலுத்தும் முறையை வகுத்த பிரெஞ்சு மருத்துவர் மாண்டூவின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது.

அந்தச் சாறு பிற்காலத்தில் சுத்திகரிக்கப்பட்டதாயினும், பற்றீரியாவின் பல புரதங்கள் கலந்த ஒரு கலவையாகவே அது இருந்தது. தடுப்பூசியோ அதே குலத்தைச் சேர்ந்த இன்னொரு பற்றீரியா. மாடுகளுக்குக் காசநோயை உண்டாக்கும் பற்றீரியாவை, பிரான்சின் லீல் நகரில் கல்மெற், கெரன் என்னும் இருவர் 1908 முதல் 1921 வரை, பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டுகளில், ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி வளர்த்தனர். இடையில் மாபெரும் யுத்தம் வந்தது. நகரம் அந்நியர் வசமாயிற்று. அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. 230 தடவை மாற்றி வளர்த்த பின்னர், நோய் செய்யும் வலுவை அது இழந்துவிட்டது. அதுவே பி.சி.ஜி.

மூலக் கிருமிக்கும் தடுப்பூசிக் கிருமிக்கும் பொதுவான புரதங்கள் ஏராளம். எனவே சிறு குழந்தையின் கை வீங்கும்போது, அது நோய்க்கிருமியைக் கண்ட வீக்கமா, தடுப்பூசியைக் கண்ட வீக்கமா என்று பழைய சாற்றினாற் பிரித்துச் சொல்ல முடியாது. வயது ஏற ஏறத் தடுப்பூசியின் விளைவு தேய்ந்துவிடும். ஐந்து வயதில் அவ்வாறு உறுதி கூறுவதற்கில்லை. தாயின் கேள்வி சாமானியமான கேள்வியன்று. 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் விஞ்ஞானிகளே விடையறியாது நின்ற கேள்வி அது.

அதற்கு விடை காண வேண்டுமாயின், 230 தடவை இடம்மாறிய அந்தப் பயணத்தில் பி.சி.ஜி. எதை இழந்தது என்று அறிதல் வேண்டும்.

*

இங்கே சிறிது நின்று, இரண்டு சொற்களை விளங்கிக்கொள்வோம்.

சித்தப்பாவின் கொட்டில் முதலாளியிடம் ஒரு பெயர்ப் பதிவேடு இருந்தது. வேலைக்கு வரக்கூடியவர் எல்லோரின் பெயரும் அதிலுண்டு. ஆனால் இன்றைக்கு யார் வந்தார், யார் காம்பு நீக்குகிறார், யார் சுற்றுகிறார், யார் கட்டுகிறார் என்பதை அந்த ஏட்டிலே காண முடியாது. கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தல் வேண்டும். பற்றீரியாவின் பரம்பரை அலகுகள் பெயர்ப் பதிவேடு போன்றன. புரதங்கள் கொட்டிலிலே வேலை செய்யும் தொழிலாளர் போன்றவை. கலத்தைக் கட்டுவதும், உணவைச் செரிப்பதும், பகைவனைத் தாக்குவதும் புரதங்களே. பதிவேடு மாறாதிருக்கும், வேலைக்கு இறங்குவோர் சூழலுக்கேற்ப மாறுவர். சுவாசப்பையினுள்ளே ஒட்சிசன் குறையும் வேளையில், காசநோய்ப் பற்றீரியா ஏறத்தாழ ஐம்பது பரம்பரை அலகுகளை ஒருங்கே எழுப்பி, அவற்றுக்குரிய புரதங்களை ஆக்கி, உறங்குநிலைக்குத் தன்னை ஆயத்தப்படுத்துகிறது. எழுத்து அதேதான், உழைப்புத்தான் வேறு.

ஆகையால் ஏட்டை மட்டும் படிப்பவர்க்கும் முழு உண்மை கிட்டாது. வேலையை மட்டும் பார்ப்பவர்க்கும் கிட்டாது. பி.சி.ஜி. இழந்தது என்ன என்னும் கேள்வியை இருதிறத்தாரும் தனித்தனியே அணுகினர்.

கோப்பன்ஹேகன் நகர ஆய்வாளர் புரதத்தின் வழியே வந்தனர். உயிருள்ள பற்றீரியா வளரும் திரவத்திலே அது வெளியே கக்கும் புரதங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, உடலின் வெண்குருதிக் கலங்களை உசுப்பிவிடுவது எது என்று தேடினர். 1995 இல், வெறும் 95 அமினோ அமிலங்களாலான மிகச் சிறிய புரதம் ஒன்றை அவர்கள் விவரித்தனர். ஈசற்–6 என்பது அதன் பெயர்.

அமெரிக்காவின் சியாற்றில் நகர ஆய்வாளர் பரம்பரை அலகின் வழியே வந்தனர். நோய் செய்யும் பற்றீரியாவின் டி.என்.ஏ. இலிருந்து பி.சி.ஜி. இலும் உள்ளனவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சி நிற்பது எது என்று பார்த்தனர். 1996 இல் மூன்று துண்டுகள் எஞ்சின. அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 9,500 எழுத்து நீளமும் ஒன்பது பரம்பரை அலகுகளும் கொண்டது, உலகெங்கும் வழங்கிய பி.சி.ஜி. வகைகளுள் எதிலுமே காணப்படவில்லை.

இரு வழிகளும் சந்தித்தபோதுதான் உண்மை ஒளிர்ந்தது. கோப்பன்ஹேகனிற் பிரித்தெடுத்த புரதத்தை ஆக்கும் பரம்பரை அலகு, சியாற்றிலிற் கண்ட அதே இழந்த துண்டினுள்ளே இருந்தது. அதன் அயலிலே அதனோடு இணைந்து தொழிற்படும் இன்னொரு புரதத்தின் அலகு: சீ.எவ்.பீ.–10. கல்மெற்றும் கெரனும் அறியாமலே உருளைக்கிழங்குத் துண்டுகளிற் கைவிட்ட ஆயுதம் எதுவென்று 75 ஆண்டுகளின் பின் தெரியவந்தது. 2002, 2003 ஆம் ஆண்டுகளில் பரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் அந்தத் துண்டை பி.சி.ஜி. இனுள் மீண்டும் சேர்த்துப் பார்த்தனர். அப்புரதம் மீண்டும் வெளிவந்தது. நோயெதிர்ப்புக் குன்றிய சுண்டெலிகளிடத்தில் பி.சி.ஜி. இன் வலு கூடியது. ஊகமாயிருந்தது நிரூபணமாயிற்று.

*

இதற்கிடையில், 1998 ஜூன் மாதத்தில், காசநோய்ப் பற்றீரியாவின் பதிவேடு முழுவதும் வாசிக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தின் சாங்கர் நிலையமும் பரிஸ் பாஸ்டர் நிறுவனமும், ஸ்ரூவாட் கோல் தலைமையில், 44 இலட்சத்து 11 ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகளையும், அவற்றினுள் ஏறத்தாழ 4,000 பரம்பரை அலகுகளையும் வெளியிட்டனர். வாசிக்கப்பட்ட வகை, 1905 இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு சானட்டோரிய நோயாளியிடமிருந்து பெறப்பட்டு, ஆய்வுகூடங்களிலே வழிவழியாக வளர்க்கப்பட்டு வந்தது. அந்த மனிதரின் சுவாசப்பையை அரித்த கிருமியின் எழுத்தே உலகின் பாடநூலாயிற்று என்பதை எண்ணும்போது சித்தப்பாவின் இருமல் எம் காதில் ஒலிக்கிறது.

எனினும், ஏடு கிடைத்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஆர்ப்பரித்தவர்கள் அவசரப்பட்டனர். அந்த ஆண்டில், எதிர்பார்க்கப்பட்ட புரதங்களில் ஏறத்தாழ 40 வீதமானவற்றின் தொழிலையே திட்டமாகக் கூற முடிந்தது. 16 வீதம் அதுவரை அறியப்பட்ட எந்தப் புரதத்தையும் ஒத்திருக்கவில்லை.

பேர்ளின் நகர ஆய்வாளர் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தனர். பற்றீரியாவின் புரதங்களைக் களி போன்ற மெல்லிய தகட்டிலே பரப்பி, முதலில் மின்னேற்றத்தின்படியும், பின்னர் பருமனின்படியும் பிரித்தனர். வானத்து வெள்ளிகள் போலப் புள்ளிகள் தோன்றின. ஒவ்வொரு புள்ளியும் ஒரு புரதம். புள்ளியை வெட்டியெடுத்து, நொதியத்தாற் சிறு துண்டுகளாக்கி, அத்துண்டுகளின் திணிவை நிறமாலைமானியில் அளந்து, ஏட்டின் எந்த எழுத்துகளுக்கு இத்திணிவுகள் பொருந்தும் என்று பார்த்தனர். ஏடு இல்லையேல் புள்ளிக்குப் பெயரில்லை. புள்ளி இல்லையேல் ஏட்டின் பெயர் உழைக்கிறதா என்பது தெரியாது. இவ்வாறு நோய்க்கிருமியின் தகட்டையும் பி.சி.ஜி. இன் தகட்டையும் பக்கம் பக்கமாக வைத்து 1999 இல் ஒப்பிட்டனர்.

2001 இல் அவர்கள் அறிவித்த ஒரு செய்தி எம்மைப் பெரிதும் கவர்ந்தது. பரம்பரை அலகுகளின் பட்டியலிலே இடம்பெறாத ஆறு புரதங்கள் தகட்டிலே காணப்பட்டன. எழுத்து ஏட்டிலே இருந்தது. அதைப் படித்துப் பெயர்ப் பட்டியல் தயாரித்தவர்களின் கண்ணுக்குத்தான் தப்பியிருந்தது. சுருட்டுக் கொட்டிலிலும் அப்படித்தான். பதிவேட்டில் பெயரில்லாமலே காம்பு நீக்கிக்கொண்டிருந்த சிறுவர்களை நாம் அறிவோம். உழைப்பவரை நேரிற் சென்று எண்ணினால் மட்டுமே கணக்குச் சரியாகும்.

*

இனித் தாயின் கேள்விக்கு வருவோம்.

பல புரதங்கள் கலந்த பழைய சாற்றுக்குப் பதிலாக, பி.சி.ஜி. இல் இல்லாத அந்த இரு புரதங்களை மாத்திரம் எடுத்துப் பரிசோதித்தால் என்ன? ஊசி போட்ட குழந்தையின் குருதி அவற்றை அறியாது. நோய்க்கிருமியைச் சந்தித்த குழந்தையின் குருதி அறிந்து விழித்தெழும். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே அத்தகைய குருதிப் பரிசோதனை நாடுகள் பலவற்றில் வழக்குக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஆய்வுகூடமும், பயிற்சி பெற்றவர்களும், பணமும் வேண்டும். அதே இரு புரதங்களை மாண்டூ முறையிலே தோலினுட் செலுத்தும் எளிய பரிசோதனை பின்னர் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் அதனை ஏற்றுக்கொண்டது. இதற்கு ஊசியும், அளவுகோலும், இரண்டு மூன்று நாட்களின் பின் வந்து பார்க்கும் ஒரு தாதியும் போதும்.

இப்பரிசோதனைகளுக்கும் எல்லை உண்டு. உடலிலே ஒளிந்திருக்கும் தொற்றையும் வெளிப்பட்ட நோயையும் அவை வேறுபடுத்திக் காட்டமாட்டா. தடுப்பூசியும் குறைபாடற்றதன்று. சிசுக்களை மூளைக்காய்ச்சல் முதலிய கொடிய காசநோய் வகைகளிலிருந்து அது காக்கிறது. ஆனால் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கி, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே நடந்த பெரும் ஆய்வில், வளர்ந்தவரின் சுவாசப்பை நோயை அது தடுக்கவில்லை என்பது வெளிப்பட்டது. இழந்த துண்டைத் திரும்பக் கொடுத்தால் விலங்குகளிடத்தே பாதுகாப்பும் கூடுகிறது, ஆபத்தும் கூடுகிறது. ஆயுதத்தையும் படிப்பினையையும் பிரித்தெடுப்பது எப்படி என்பதே இன்றைய ஆய்வாளரின் தேடல்.

இவ்வளவும் பற்றீரியாவைப் பற்றிய அறிவு. நோய் என்பது பற்றீரியா மட்டுமன்று. கிருமி தொற்றியவருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் நோயாளராகின்றனர். அந்தப் பத்துப் பேர் யார் என்பதைப் பற்றீரியாவின் ஏடு தனித்துச் சொல்லிவிடாது. 2023 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில், காசநோயாளரின் வீட்டார்க்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் முதலான உணவும் விற்றமினும் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 வீதம் குறைந்ததைக் காட்டியது. சென்னை ஆய்வு சொன்னதற்கு இது முரணன்று. மருந்து கிடைத்தால் ஏழையும் தன் குடிசையிலேயே குணமடைவான் என்றது அது. வயிறு நிறைந்தால் ஏழை நோயாளியாகும் ஆபத்துக் குறையும் என்பதற்குச் சான்று தருகிறது இது. 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகிலே 1 கோடியே 8 இலட்சம் பேர் காசநோயுற்றனர் என்றும், 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பற்றீரியாவின் எழுத்து முழுவதையும் வாசித்துக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரும் இத்தனை மரணம் என்றால், குறை வாசிப்பிலே மட்டும் இல்லை என்பது வெளிப்படை.

*

அந்த இரவு விடிந்ததும் நாம் குழந்தையின் பாடசாலைக்குச் சென்றோம். பரம்பரை அலகு பற்றியோ புரதம் பற்றியோ அங்கே பேசவில்லை. ஒரே ஒரு செய்தியை எடுத்துச் சொன்னோம்: வீக்கம் எதனால் வந்ததாயினும், நோய் வெளிப்படாத இந்தக் குழந்தையிடமிருந்து எவருக்கும் எதுவும் தொற்றாது. வகுப்பாசிரியை நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், தம் தாயும் இதே நோயாலே இறந்தவர் என்றும், தமக்கும் சிறு பிள்ளைகள் உண்டு என்றும் கூறினார். அச்சம் அறியாமையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை, அனுபவத்திலிருந்தும் பிறக்கிறது. அவரைக் குறை கூற எமக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் அந்த வாங்கு மூலையிலிருந்து எடுக்கப்பட்டது.

ஆசிரிய நண்பர்களே, காசநோய் பற்றிய பாடத்தை நடத்தும்போது கொக்கின் பெயரோடும் 1882 ஆம் ஆண்டோடும் நிறுத்திவிடாதீர்கள். ஒளிந்திருக்கும் தொற்று பரவாது என்ற ஒரு வசனத்தையேனும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் ஏடும் உழைப்பும் சந்தித்துப் பிறந்த அறிவு, வகுப்பறையின் கடைசி வாங்கு வரை நடந்து செல்ல வேண்டும். அந்தத் தூரத்தை நாமே நடக்க வேண்டும்.

அந்தக் குழந்தைக்கு இப்போது பதினைந்து வயது. தந்தையும் குணமடைந்து வேலைக்குப் போகிறார். அண்மையில் அவள் எம்மிடம் உயிரியற் பாடம் கேட்க வந்தபோது, மேலே எழுதியவற்றை அவளுக்குச் சொன்னோம். அவள் தன் தோளிலுள்ள தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அப்ப மாஸ்ரர், எனக்கு அண்டைக்கு உண்மையிலை தொத்தினதோ?”

அன்று அந்தப் பரிசோதனை நடக்கவில்லை என்றும், மருந்தை முறையாக முடித்துவிட்டதனால் இனி அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் கூறினோம். அவள் சிறிது நேரம் யோசித்தாள்.

“வீக்கம் எனக்கு ஞாபகமில்லை, மாஸ்ரர். குளிசை குடிச்சதும் ஞாபகமில்லை. அந்த வாங்குதான் ஞாபகமிருக்கு.”